பழைய லாட்ஜ்... புது ஏ.சி. ஹால்! விசேஷம் வைக்கும் முன் மாடிப்படியைப் பாருங்க

மோகனூரில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், அடுத்த நாளே ஆரம்பித்துவிடும் பேச்சு இது: "எங்க வைக்கறது?"

அப்பாவுக்கு உள்ளூர் மண்டபம் போதும். அம்மாவுக்குக் காந்தமலை முருகன் சந்நிதியில் தாலி கட்டினால் போதும், மற்றதெல்லாம் எங்கே நடந்தாலும் சரி. மகளோ செல்போனை நீட்டி, "நாமக்கல்ல அந்த ஹோட்டலைப் புதுசா பண்ணிருக்காங்கப்பா, ஹால் எப்படி இருக்கு பாருங்க" என்று போட்டோ காட்டுவாள். தாத்தா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அங்க பந்தி எங்க போடுவாங்க?"

கோபித்துக்கொண்டு பழனிக்குக் கிளம்பிய முருகனை, "மகனே" என்று பார்வதி கூப்பிட்டு நிறுத்திய இடம் என்பதால் மகனூர், அதுவே மருவி மோகனூர் என்று தலபுராணம் சொல்வார்கள். கோபித்துக்கொண்டவரைச் சமாதானம் செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்யாண இட விஷயத்தில் மட்டும் அது கொஞ்சம் கஷ்டம்!

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. ஊரில் மண்டபம், இல்லாவிட்டால் வாசலில் பந்தல். இன்று நிலைமை வேறு. வடக்கே 20 கிலோமீட்டருக்குள் நாமக்கல். வாங்கல் பாலம் வந்த பிறகு காவிரியைத் தாண்டினால் கரூர். 2013-ல் சேலம் - கரூர் ரயில் பாதை திறந்ததிலிருந்து மோகனூருக்கு ரயிலும் உண்டு. மூன்று ஊர் ஹோட்டல்களும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. அந்த மூன்று ஊர்களிலும் பழைய லாட்ஜுகள், ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக முகம் மாற்றிக்கொண்டு, 'பார்ட்டி ஹால்', 'பேங்க்வெட் ஹால்', 'கான்ஃபரன்ஸ் ஹால்' என்று போர்டு மாட்டுகின்றன.

லாட்ஜுக்கு ஏன் இந்த ஆசை?

கணக்கு எளிது. ரூம் என்பது ஒரு ராத்திரிக்கு ஒரு முறைதான் விற்கும். காலியாகக் கிடந்தால் அன்றைய வாடகை போனது போனதுதான். ஹால் அப்படியல்ல. காலையில் ஒரு கம்பெனி கூட்டம், சாயங்காலம் ஒரு வளைகாப்பு என்று ஒரே நாளில் இரண்டு முறை வாடகை வரும். அதைவிட முக்கியம், ஹாலுக்கு வருகிறவர்கள் சாப்பிடுவார்கள். 300 பேர் சாப்பிட்டால், அந்த ஒரு வேளை வருமானம் பத்து ரூம் வாடகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நாமக்கல்லுக்கு இதில் ஒரு தனி வசதி. லாரிக்கு பாடி கட்ட வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள், முட்டை வியாபாரிகள், விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பார்க்க வரும் பெற்றோர்கள் என்று ரூமுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும் ஊர். ஆனால் கூட்டம் போடும் ஊரும் இதுதான். கோழித் தீவன கம்பெனிகள் பண்ணையாளர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போடும். கால்நடை மருந்து கம்பெனிகள் போடும். டயர் கம்பெனி புது டயர் விட்டால் லாரி உரிமையாளர்களைக் கூப்பிட்டு ராத்திரி விருந்து வைக்கும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுகளின் மாதக் கூட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து 25 வருஷம் ஆனவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் பேசி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்திப்பு இருக்கிறது. புரட்டாசியில் முட்டை விற்பனை குறைந்தால், அதைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டம்!

இவர்களுக்கெல்லாம் 1,500 பேர் உட்காரும் கல்யாண மண்டபம் தேவையில்லை. 80 பேர், 150 பேர், மிஞ்சினால் 300 பேர். புரொஜெக்டர், மைக், ஏ.சி., நல்ல டாய்லெட். இதைத்தான் புதுப்பித்த ஹோட்டல்கள் பிடித்துக்கொண்டன. கூட்டங்களுக்காகக் கட்டிய ஹாலில் அப்புறம் காதுகுத்து, நிச்சயதார்த்தம், ரிசப்ஷன் எல்லாம் வந்து சேர்ந்தன.

எது மாறுகிறது, எது மாறுவதில்லை?

ஒரு பழைய லாட்ஜைப் புதுப்பிக்கும்போது முதலில் மாறுவது கண்ணுக்குத் தெரிகிற பாகம். முன்பக்கத்துக்குப் பளபளவென்று அலுமினியத் தகடு. ரிசப்ஷனுக்குப் பெரிய டைல்ஸ். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வரிசையாக எல்இடி விளக்குகள். சுவரில் ஒரு பக்கம் செயற்கைப் புல், அதில் நியான் எழுத்து. போட்டோ எடுத்தால் பிரமாதமாக வரும்.

மாறாமல் இருப்பது எது தெரியுமா? மாடிப்படி. நாற்பது வருஷத்துக்கு முன், ஒரு நேரத்தில் நாலு பேர் ஏறி இறங்குவதற்காகக் கட்டிய படி. அதே படிதான் இன்று 300 பேருக்கும். செப்டிக் டேங்க் அதேதான். 20 ரூமுக்குப் போட்ட தண்ணீர்த் தொட்டி அதேதான். பார்க்கிங் அதேதான். சில இடங்களில் பார்க்கிங்கே ஹாலாகியிருக்கும், அப்போது கார்கள் சேலம் ரோட்டில் நிற்கும்.

உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்று, சமீபத்தில் புதுப்பித்த ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடியில் நடந்தது. லிஃப்ட் இருந்தது. நாலு பேர் ஏறலாம். அதிலேதான் சாப்பாட்டு டிரேக்களும் ஏறின. வளையல் போட வந்த அப்பத்தாக்கள் கீழே சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிற எழுபது வயதுக்காரர், "நான் இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணிடறேன், புள்ளையக் கீழ வரச் சொல்லு" என்றார். ஒன்பது மாத கர்ப்பிணி படி இறங்கி வந்தாள். மேடை அலங்காரம் மட்டும் பூவும் திரையுமாக அமர்க்களம்.

இது அசௌகரியம். இதே படி உயிரைக் குடித்த கதையும் நம் காவிரிக் கரையிலேயே இருக்கிறது.

2004-ம் ஆண்டு ஜனவரி 23-ம் தேதி. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் முகூர்த்தம். மேலே கீற்றுக் கொட்டகை. வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறில் கீற்றில் தீப்பற்றியது. எல்லோரும் ஓடியது குறுகிய படிக்கட்டை நோக்கி. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாலி கட்ட உட்கார்ந்திருந்த மணமகனும் அதில் ஒருவர். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அங்கேயும் கீற்றுக் கூரை, குறுகிய படி. கும்பகோணத்தை நாடே நினைவு வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கம் மட்டும் மெள்ள மறந்துபோனது. கல்யாண ஹால் பார்க்கப் போகும் ஒவ்வொரு குடும்பமும் நினைக்க வேண்டியது ஸ்ரீரங்கத்தைத்தான்.

இப்போது கீற்று இல்லையே என்று சொல்லலாம். சரிதான். ஆனால் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, அதன் கீழே துணி கட்டி, துணிக்கு மேலே வயர் இழுத்து ஹால் ஆக்கியிருக்கும் இடங்கள் உண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. தெர்மாகோல், நைலான் திரை, பிளாஸ்டிக் பூ எல்லாமே கீற்றுக்குத் தம்பிகள்தான். பற்றினால் கரும்புகையோடு எரியும்.

அதனால் ஹால் பார்க்கப் போனால், மேடையைப் பார்ப்பதற்கு முன் இரண்டாவது வழியைத் தேடுங்கள். ஒரு கதவில் நுழைந்தால், இன்னொரு கதவில் வெளியேற முடிய வேண்டும். அது தனிப் படிக்கட்டில் போய் இறங்க வேண்டும். "இருக்குங்க" என்று சொன்னால் போதாது, நீங்களே அதில் இறங்கிப் பாருங்கள். பல இடங்களில் அந்தப் படியில்தான் உடைந்த நாற்காலியும் காலி சிலிண்டரும் அடுக்கியிருப்பார்கள். எல்பிஜி டேங்கர் லாரிக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு, சிலிண்டர் எங்கே நிற்கக் கூடாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தீயணைப்புத் துறைச் சான்று, பொதுக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, லிஃப்ட் உரிமம் இவற்றைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. லிஃப்டுக்கு 1997-ல் தனிச் சட்டம். கேட்டால் முகம் சுளிக்கிறார்களா, ஃபைலை எடுத்துக் காட்டுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். முக்கியமாக, சான்றில் இருக்கும் தேதி புதுப்பித்த பிறகு உள்ளதா என்று பாருங்கள். ரூமாக இருந்ததை ஹாலாக மாற்றிய பின், ரூமுக்கு வாங்கிய சான்று எதற்கு?

இன்னொன்று, ஆள் கணக்கு. "500 பேர் உட்காரலாம்" என்று சொல்லும் ஹாலின் நீள அகலத்தை அளந்துவிடுங்கள். வரிசையாக நாற்காலி போட்டால் ஒருவருக்கு 8 முதல் 10 சதுர அடி வேண்டும். வட்ட மேஜை போட்டு விருந்து என்றால் 12 முதல் 15 சதுர அடி. 60-க்கு 40 அடி ஹால் என்றால் 2,400 சதுர அடி. கூட்டத்துக்கு 240 முதல் 300 பேர், விருந்துக்கு 160 முதல் 200 பேர். மேடைக்கு ஒதுக்கினால் இன்னும் குறையும். ஒரு டேப் போதும், மேனேஜரோடு வாக்குவாதமே வேண்டாம்.

நன்றாகப் புதுப்பித்தவர்களும் உண்டு

புதுப்பித்தல் என்றாலே ஏமாற்று என்று சொல்லவில்லை. நம் மாநிலத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

சென்னை கன்னிமாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ல் இம்பீரியல் என்று தொடங்கி, 1886-ல் ஆல்பனி ஆகி, 1890-ல் அப்போதைய கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஹோட்டல். பிறகு ஸ்பென்சர்ஸ் கைக்கு வந்தது. 1970-களில் அதை மாற்றியமைக்க இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவை அழைத்தார்கள். பழைய கட்டடத்தின் குணம் கெடாமல் புதிய பகுதியைச் சேர்த்தார் அவர். நீச்சல் குளத்தைச் சுற்றியிருக்கும் பகுதி அவர் கைவண்ணம். மறுபடி மூடி, புதுப்பித்து, 2018-ல் திறந்தார்கள். 160 வருஷத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் விருந்தும் கூட்டமும் நடக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திருத்திக்கொண்டே வந்ததால்தான்.

அதே பாவா மதுரையிலும் வேலை செய்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோச்சடையில் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்காக இருந்த மதுரை கிளப், அவர் வடிவமைத்தது. இன்று அதுதான் 'ஹெரிடேஜ் மதுரை' ரிசார்ட். வயதான மரங்களை வெட்டாமல் அவற்றின் நிழலில் வில்லாக்களைக் கட்டினார்கள். நீச்சல் குளத்தைத் தெப்பக்குளம் போலப் படி வைத்து அமைத்தார்கள். ஒரு காலத்தில் ஆலை அதிகாரிகள் மட்டும் நுழைய முடிந்த இடத்தில், இன்று கம்பெனி கூட்டங்களும் கல்யாணங்களும் நடக்கின்றன.

காரைக்குடியில் 'பங்களா'. நண்பர்கள் கூடும் கிளப்பாக இருந்த செட்டிநாட்டு வீட்டை, 1999-ல் ஹோட்டல் ஆக்கினார்கள். அங்கே விளம்பரமே சமையல்தான். மேஜையில் வாழை இலை போட்டுப் பரிமாறும் விருந்துக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நம் தாத்தா கேட்ட "பந்தி எங்க போடுவாங்க" என்ற கேள்விக்கு அவர்கள் ஒழுங்காகப் பதில் வைத்திருக்கிறார்கள்.

பெரிய கூட்டம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. 2019 அக்டோபர் 12-ம் தேதி பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பேசியது கோவளம் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ரிசார்ட்டில். டச்சுக்காரர்களின் பழைய கோட்டை இருந்த இடம் அது. 2022-ல் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆடிய செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் மாநாட்டு அரங்கில்தான். அந்த அளவு நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கலாம். இந்த இடங்களில் எல்லாம் கூட்டம் சேர்வதற்கும் கலைவதற்கும் தாராளமான வெளி இருக்கிறது. நம் ஊர் லாட்ஜுகள் புதுப்பிக்கும்போது முதலில் காணாமல்போவது அதுதான்.

ஹோட்டல் ஹாலின் இன்னொரு பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடும். நம் பகுதியில் பல மண்டபங்கள் ஏதாவது ஒரு சமூகத்தின் அறக்கட்டளை நடத்துவது. பெயர்ப் பலகையிலேயே தெரியும். சொந்தக்காரர்களுக்கு ஒரு வாடகை, மற்றவர்களுக்கு வேறு வாடகை என்பதும் சகஜம். சிலர் அட்வான்ஸ் கொடுக்கப் போய், "யாரு வீட்டுப் புள்ள?" என்ற விசாரணையைத் தாங்க முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். வேறு வேறு சாதியில் காதல் திருமணம் செய்துகொண்ட பிள்ளைகளின் வரவேற்பை எந்த மண்டபத்தில் வைப்பது என்று பெற்றோர் தவித்த கதைகள் இங்கே குறைவில்லை.

ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்பது ஆதார் கார்டும் அட்வான்ஸும்தான். ஹோட்டல், கடை, பொது உணவகம் போன்ற இடங்களில் சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவே சொல்கிறது. அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று, ஒரு ஏ.சி. ஹாலில் இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே வரிசையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது புரியும். ஃபால்ஸ் சீலிங் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்துக்காக அந்த ஹால்களுக்கு என் ஓட்டு.

ஆனால் சடங்குக்கு அவை ஒத்துவருமா? அதுதான் சிக்கல். அரசாணிக்கால் நட மண் வேண்டும், டைல்ஸில் நட முடியாது. மணல் நிரப்பிய வாளியில் நட்டுச் சமாளிக்கிறார்கள். ஹோமம் வளர்த்தால் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும், அல்லது கார்ப்பெட் கருகும் என்று மேனேஜர் தடுப்பார். தவில், நாதஸ்வரம் மட்டமான கூரைக்குள் அடித்துத் திரும்பினால் காது வலிக்கும். அதனால்தான் இப்போது பலர் முகூர்த்தத்தைக் கோயிலிலோ மண்டபத்திலோ முடித்துக்கொண்டு, ரிசப்ஷனை மட்டும் ஹோட்டலில் வைக்கிறார்கள். இணைச்சீரும் மங்கல வாழ்த்தும் மண்ணோடு ஒரு இடத்தில், கேக்கும் போட்டோவும் ஏ.சி.யில்! புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

பில்லில் ஒளிந்திருப்பது

மண்டபத்தில் செலவு எங்கே எகிறும் என்று நமக்குப் பழக்கம். பாத்திரம், கரன்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு. ஹோட்டலில் அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

முதலில் 'மினிமம் கேரன்டி'. 300 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 220 பேர் வந்தால், 300 பேருக்குத்தான் பணம். ஒரு தட்டு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வராத 80 பேருக்கு 32,000 ரூபாய். மண்டபமாக இருந்தால் மிஞ்சியதைப் பக்கத்துத் தெருவுக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாம். பல ஹோட்டல்களில் மிஞ்சியதை வெளியே எடுத்துச் செல்ல அனுமதியில்லை. அதனால் கேரன்டியைக் கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள். கூடுதலாக வருகிறவர்களுக்கு அதே விலைக்குத் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நம் பக்கம் எத்தனை பேர் வருவார்கள் என்று பத்திரிகை வைத்தவருக்கே தெரியாது!

அடுத்தது வெளிச் சாப்பாடு. "எங்க சமையல்காரர் வந்து ஒரு கொழுக்கட்டையும் கச்சாயமும் மட்டும் பண்ணட்டும்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சீர்வரிசைத் தட்டில் வரும் பலகாரத்துக்குத் தடையில்லையா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு ஜிஎஸ்டி. ஹாலை மட்டும் வாடகைக்கு எடுத்தால் 18 சதவிகிதம். 60,000 ரூபாய் வாடகைக்கு 10,800 ரூபாய் வரி. சாதாரண ஹோட்டலில் சாப்பாட்டுக்கு 5 சதவிகிதம். ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக்கும் 18. உறவினர்கள் தங்கும் ரூமுக்கு, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தையே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹாலும் சாப்பாடும் சேர்த்து ஒரே விலை சொன்னால், எதற்கு எவ்வளவு வரி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "வரி தனி" என்ற இரண்டு சொல்லை விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போடுவதில் எல்லா ஹோட்டல்களும் ஒன்றுபோலத்தான்.

டிஜே வைக்கிறீர்களா? ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய ஹாலுக்குள் என்றால் விதிவிலக்கு உண்டு. மொட்டை மாடிக்கும் புல்வெளிக்கும் கிடையாது. 'ரூஃப் டாப் பார்ட்டி' என்று விளம்பரம் செய்யும் இடத்தில், 10 மணிக்கு போலீஸ் வந்தால் பாட்டு நிற்கும், வாடகை நிற்காது.

மலையேறும் ஆசை

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் என்றால் ரிசார்ட்டுக்குப் போக வேண்டும். நம் சமவெளிக்காரர்களுக்கு இரண்டு மலைகள் பக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு 70! இருபது பேர் கொண்ட விற்பனைக் குழுவுக்கு இரண்டுமே அருமை. குழந்தையும் பாட்டியுமாக ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனால், நாற்பதாவது வளைவிலேயே விசேஷம் முடிந்துவிடும். எலுமிச்சம்பழம் ஒரு கூடை வாங்கிக்கொள்ளுங்கள்.

மலை ரிசார்ட்டில் கேட்க வேண்டியது ஜெனரேட்டர், செல்போன் சிக்னல், பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது. அதைவிட, டிரைவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று கேளுங்கள். ராத்திரி முழுக்க காரிலேயே சுருண்டு கிடந்தவர்தான் காலையில் உங்களை 70 வளைவு இறக்கப் போகிறார். டிரைவர்களுக்கு ஒரு ரூம் போடுவது தயவு அல்ல, நம் உயிருக்கான பிரீமியம்.

காவிரிக் கரையோரத் தோப்பு, பண்ணை வீடு என்றும் இப்போது ஆசை வந்திருக்கிறது. தென்னந்தோப்பு நடுவே விளக்குத் தோரணம் கட்டினால் அழகுதான். ஆனால் மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் கரையோரத்துக்கு என்ன ஆகும் என்று மோகனூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் கரையோர இடம் பிடிப்பவர்கள், தண்ணீர் வந்தால் அட்வான்ஸ் திரும்பி வருமா என்பதை எழுதி வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

எப்போது கேட்டால் விலை இறங்கும்?

முகூர்த்த நாளில் எந்த மேனேஜரும் இறங்கி வர மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் கேட்டுப் பாருங்கள். கல்யாணம் இல்லாத மாதங்கள், ஹால் காலி. பண்ணையாளர் கூட்டமோ, பழைய மாணவர் சந்திப்போ, சங்கப் பொதுக்குழுவோ வைப்பவர்களுக்கு அதுதான் பொற்காலம். வாடகையைக் குறைக்காவிட்டாலும், புரொஜெக்டரும் மைக்கும் இலவசம், காலை காபி இலவசம் என்று ஏதாவது சேர்த்துக் கொடுப்பார்கள். ஆடி 18 மட்டும் விதிவிலக்கு. அன்று மோகனூர் காவிரிக்கு வரும் கூட்டத்தில் உங்கள் விருந்தினர் கார் ஊருக்குள்ளேயே நுழையாது.

வார நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வேறு வேறு விலை உண்டா என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை நம்மவர்கள் விசேஷம் வைக்க மாட்டார்கள், ஹோட்டலுக்கும் அது தெரியும்.

இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு முறை, அங்கே வேறு யாருக்காவது விசேஷம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். காலி ஹாலை மத்தியானம் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, 250 பேர் ஒன்றாகச் சாப்பிட எழும்போது பார்க்க வேண்டும். லிஃப்ட் முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், கை கழுவ எவ்வளவு நேரம் ஆகிறது, பெண்கள் டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா, அந்த இரண்டாவது கதவு பூட்டியிருக்கிறதா. பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று அங்கே பரிமாறும் பையனிடம் கேளுங்கள். அவனுக்கே தெரியவில்லை என்றால், அட்வான்ஸ் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள்.